கருப்பு அபலோனியும் வெள்ளை அபலோனியும்

அபலோனி, பாறையைப் பற்றிக்கொண்டு கடற்பாசி தின்று வாழும் ஒற்றை ஓட்டுக் கடல் நத்தை. ஹாலியோடிஸ் பேரினத்தைச் சேர்ந்த கருப்பு அபலோனியும் வெள்ளை அபலோனியும் அமெரிக்காவின் கலிபோர்னியா, மெக்சிகோவின் பாகா கலிபோர்னியா கடலோரங்களுக்கு உரியவை. இரண்டுமே இன்று அழிவின் விளிம்பில் நிற்கின்றன. அங்கே வந்து சேர்ந்த வழிதான் வேறு.

கருப்பு இனம் அலையடிக்கும் பாறை இடுக்குகளில் வாழ்கிறது. ஓடு வழவழப்பானது, அதில் மேடில்லாத 5 முதல் 9 திறந்த துளைகள். வெள்ளை இனத்தின் மெல்லிய, செம்பழுப்பு ஓட்டில் உயர்ந்த விளிம்புள்ள துளைகள் மூன்று முதல் ஐந்துதான். அது பெரும்பாலும் 20 முதல் 60 மீட்டர் ஆழத்தில் வாழ்வது.

அந்த ஆழமே அதற்கு நெடுங்காலம் அரணாக இருந்தது. ஆழம் குறைந்த பகுதிகளில் பிற அபலோனிகள் அருகியதும், 1970களில் முக்குளிப்போர் வெள்ளை இனத்தைத் தேடி இறங்கினர். பத்தாண்டுகூட அந்த அறுவடை தாங்கவில்லை. 1996இல் மீன்பிடித் தடை வந்தது; ஆனால் தடை மட்டும் போதவில்லை. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் நீரில் விடுவதால், அவை அருகருகே இருந்தால்தான் கரு உருவாகும். எஞ்சியவை எட்ட எட்டக் கிடந்து, குஞ்சின்றி மூப்படைந்தன. 2001இல், அமெரிக்காவின் அழியும் உயிரினப் பட்டியலில் இடம்பெற்ற முதல் முதுகெலும்பற்ற கடல்வாழ் உயிரினம் ஆனது வெள்ளை அபலோனி.

கருப்பு இனத்தை முக்குளிக்காமலே பெயர்த்தெடுக்க முடிந்தது. 19ஆம் நூற்றாண்டில் கலிபோர்னியாவில் குடியேறிய சீனர்கள் அதன் இறைச்சியை உலர்த்தித் தாயகத்துக்கு அனுப்பினர். அதையெல்லாம் தாங்கிய இனத்தை வீழ்த்தியது ஒரு பாக்டீரியா. அது உண்டாக்கும் வாட்டநோய், 1980களின் நடுவில் கலிபோர்னியாவின் சேனல் தீவுகளில் தென்பட்டது; செரிமான உறுப்பைத் தாக்கும். உணவின் பயன் கிட்டாத விலங்கு தன் பாதத் தசையையே கரைத்து உயிர் வாழப் பார்க்கும். பிடி தளர்ந்து பாறையிலிருந்து விழும். நீர் சூடேறினால் நோய் முற்றும். அதனால்தான் குளிர்ந்த வடபகுதியில் கூட்டங்கள் ஓரளவு தப்பின. 1993இல் பிடிப்புக்குத் தடை. 2009இல் அழியும் உயிரினப் பட்டியல்.

மீட்பும் இரண்டுக்கும் ஒன்றல்ல. கலிபோர்னியாவின் போடேகா கடல் ஆய்வகத்தின் வளர்ப்புத் திட்டத்தின் பயனாக, வெள்ளைக் குஞ்சுகள் 2019 முதல் தென்கலிபோர்னியக் கடலில் விடப்படுகின்றன. கருப்பு இனத்தை ஆய்வகத்தில் முட்டையிடச் செய்வது கடினம்; ஆகவே இருப்பதைக் காப்பதே முதல் வேலை. 2021 ஜனவரியில் கலிபோர்னியாவின் பிக் சர் கடலோரப் பகுதியில், காட்டுத்தீயில் கருகிய மலைச்சரிவுகளிலிருந்து பெருமழை இழுத்துவந்த சேறும் கற்களும் அபலோனிப் பாறைகளை மூடின. ஆய்வாளர்கள் இடிபாட்டைத் தோண்டி, உயிரோடிருந்தவற்றை மீட்டுத் தொட்டிகளில் பேணினர்.