காப்பிக் கடையில் பிறந்த பந்தய வண்டி

'கபே ரேசர்' என்னும் பெயரைக் கேட்ட நம் பெரியோர் சிலர், காப்பிக் கடைக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் என்ன உறவு என்று வினவக் கேட்டிருக்கிறோம். வினா நியாயமானதே. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டவுடன் அதன் இருக்கையை அறுத்துக் கைப்பிடியைத் தாழ்த்தி அப்பெயரைச் சூட்டிவிட விழையும் இளைஞரும் அவ்வினாவைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம். இவ்வாண்டு மலரில் அவ்வண்டியின் பிறப்பு வளர்ப்பைக் கூறி, அதனையொட்டி நம் காலனியில் எழுந்த ஒரு வழக்கையும் அன்பர்கள்முன் வைக்கிறோம்.

லண்டன் மாநகரின் வடமேற்கே, நார்த் சர்க்குலர் ரோடு என்னும் சுற்றுச்சாலையில், 1938-ஆம் ஆண்டு 'ஏஸ் கபே' என்றோர் உணவுக்கடை தோன்றிற்று. கபே என்றதும் கும்பகோணத்து டிகிரி காப்பியை நினைத்துவிட வேண்டா. நெடுந்தூரம் செல்லும் லாரி ஓட்டுநர்க்கு இரவும் பகலும் தேநீரும் பொரித்த முட்டையும் அளித்த எளிய சாலையோரக் கடை அது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் இடிந்து, 1949-இல் மீண்டும் எழுப்பப்பெற்றது. போர் ஓய்ந்த பின்னர்த் தொழிற்சாலைகளில் வேலை பெருகிற்று. பதினெட்டு இருபது வயதுப் பிள்ளைகள் கையிலும் வாரக்கூலி புழங்கிற்று. தவணை முறையில் வண்டி வாங்கும் வழியும் பிறந்தது. காருக்கு அவர்கள் பணம் எட்டாது; மோட்டார் சைக்கிளுக்கு எட்டும். விடிய விடியத் திறந்திருந்த கடைக்கு அவ்விளைஞர் இயல்பாகவே திரண்டு வந்தனர்.

மணிக்கு 100 மைல், அதாவது ஏறக்குறைய 161 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதே அவர்தம் பெருமை. அவ்வேகத்தை அவர்கள் 'டன்' என்றழைத்தமையால், உலகம் அவர்களை 'டன்-அப் பாய்ஸ்' என்றது. பின்னர் 'ராக்கர்' என்றும் கூறிற்று. கடையிலிருந்த இசைப்பெட்டியில் காசிட்டு ஒரு பாட்டைச் சுழலவிட்டு, அது முடியுமுன் குறித்த இடம்வரை ஓடித் திரும்பவேண்டும் என்பதோர் பந்தயம் நடந்ததாகச் செவிவழிச் செய்தி. எத்தனை பேர் மெய்யாகவே அவ்வாறு ஓடினர் என்பது ஒருபுறமிருக்க, அச்சாலையில் உயிரிழந்தோர் பலர் என்பதில் ஐயமில்லை. கடைக்குக் கடை விரைந்து திரிந்த இவர்களை, 'இவர்கள் பந்தயக்காரரல்லர், கபே பந்தயக்காரர்' என்று ஏளனமாகக் கூறியதிலிருந்தே அப்பெயர் நிலைத்தது என்பர். வசைச்சொல் பின்னாளில் விருதாக மாறிய கதைகளுள் இதுவும் ஒன்று.

இனி வண்டியின் உருவத்துக்கு வருவோம். அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு காரணமுண்டு. உயர்ந்த கைப்பிடியைக் கழற்றிவிட்டு, முன் ஃபோர்க்கின் இரு கால்களிலும் நேரே கவ்வும் 'கிளிப்-ஆன்' பிடிகளைத் தாழப் பொருத்தினர். ஓட்டுவோன் குனிந்து படுத்தால் காற்றின் எதிர்ப்புக் குறையும். குனிந்தவனுக்குக் கால் முன்னே இருந்தால் இடைஞ்சலாகும். ஆதலின் கால்மிதியைப் பின்னுக்குத் தள்ளினர். வேகமெடுக்கையில் பின்னே சரியாதிருக்க இருக்கையின் வாலில் ஒரு திமில் வந்தது. வேண்டாத தகடுகளைக் கழற்றியது எடையைக் குறைக்க. இவை யாவும் ஐல் ஆஃப் மான் தீவுப் பந்தயத்தில் ஓடிய வண்டிகளைப் பார்த்துச் செய்தவையே. பி.எஸ்.ஏ. நிறுவனத்தார் 'கோல்டு ஸ்டார்' என்னும் வண்டியை ஏறக்குறைய அவ்வடிவிலேயே விற்றனர். அதனை வாங்க இயலாதோர் தம் அன்றாட வண்டியைக் கொல்லைப்புறக் கொட்டகையில் வைத்து அவ்வாறு திருத்திக்கொண்டனர். அழகு பின்னர்க் கண்டுபிடிக்கப்பட்டது; முதலில் இருந்தது பணமுடையும் வேக ஆசையுமே.

இவ்வகை வண்டிகளுள் தலைசிறந்ததாகப் போற்றப்படுவது 'டிரைட்டன்'. எந்தத் தொழிற்சாலையும் அதனைப் படைக்கவில்லை என்பதே வியப்பு. அயர்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்த ரெக்ஸ் மக்காண்ட்லெஸ் என்பார் நார்ட்டன் நிறுவனத்துக்கு ஒரு புதுச் சட்டகம் அமைத்துத் தந்தார். 1950-இல் அது பந்தயத்தில் இறங்கிற்று. ஜெஃப் டியூக் அதன்மீதமர்ந்து அவ்வாண்டே ஐல் ஆஃப் மான் தீவில் சீனியர் பந்தயத்தை வென்றார். இறகு மெத்தையில் அமர்ந்தாற்போல் இருக்கிறது என்று ஹரால்டு டேனியல் என்னும் வீரர் கூறியதிலிருந்து அச்சட்டகத்துக்கு 'ஃபெதர்பெட்' என்றே பெயராயிற்று. வளைவில் அதனைப்போல் நிலைபெயராது செல்லும் சட்டகம் அக்காலத்தில் வேறில்லை.

அந்நாளில் 500 சி.சி. சிறு கார்ப் பந்தயம் அங்கே பெருவழக்காயிருந்தது. அக்கார்களுக்கு நார்ட்டன் எஞ்சினே உகந்தது. ஆனால் நிறுவனத்தார் எஞ்சினை மட்டும் விற்க இசையவில்லை. முழு வண்டியாகவே வாங்கவேண்டும் என்றனர். கார்க்காரர் வண்டியை வாங்கி எஞ்சினைப் பிடுங்கிக்கொண்டு எஞ்சியதைத் தள்ளிவிட்டனர். உயிரற்ற உடலாய்க் கிடந்த அச்சட்டகங்களில், இலேசானதும் எளிதில் வலுவேற்றக் கூடியதுமான டிரையம்ப் நிறுவனத்தின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினைச் சிலர் ஏற்றிப் பார்த்தனர். டிரையம்பும் நார்ட்டனும் கலந்ததால் டிரைட்டன். இக்கலப்பை இழிவாகக் கருதியோர் வாயை 1965-ஆம் ஆண்டு அடைத்தது. டேவ் டீகன்ஸ் என்பார் தாம் அமைத்த டிரைட்டனைக் கொண்டு, ரெக்ஸ் புட்சர் துணையோட்டுநராக, பார்சிலோனா நகரின் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். பெருநிறுவனங்களின் வண்டிகள் பின்தங்கின.

சமூகம் அவ்விளைஞரைப் பார்த்த பார்வை வேறு. செய்தித்தாள்கள் கடிந்தெழுதின. 1964-இல் கிளாக்டன், பிரைட்டன் முதலிய கடற்கரை ஊர்களில் 'மாட்' என்னும் ஸ்கூட்டர்க் கூட்டத்தாரோடு ராக்கர் கைகலந்தனர். அதனால் பெயர் மேலும் கெட்டது. அவர்களைத் தேடிச் சென்றவர் ஒருவரும் உண்டு. பில் ஷெர்கோல்டு என்னும் பாதிரியார் 1962-இல் தம் மோட்டார் சைக்கிளிலேயே ஏஸ் கபேக்குச் சென்று, தம் திருச்சபையின் '59 கிளப்'புக்கு அவர்களை அழைத்தார். அழைத்தவுடன் வந்தனர், பெருங்கூட்டமாக வந்தனர். பிறகு மலிவான சிறு கார்கள் பெருகின; ஜப்பானிய வண்டிகள் கடல் கடந்து வந்தன. 1969-இல் ஏஸ் கபே மூடப்பட்டு, பழைய அன்பர்தம் முயற்சியால் 2001-இல் மீண்டும் திறக்கப்பெற்றது.

இக்கதையில் நம் சென்னை நுழையும் இடம் ஒன்றுண்டு. பிரிட்டனில் 1961 முதல், ஓட்டப் பழகுவோர் 250 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை ஓட்டலாகாது என்று விதி வந்தது. ரெட்டிச் நகர் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார் அதனை மனத்திற் கொண்டு, 1964-ஆம் ஆண்டின் இறுதியில் 'காண்டினென்டல் ஜி.டி.' என்னும் 250 சி.சி. வண்டியை வெளியிட்டனர். செந்நிறத் தொட்டியும் தாழ்ந்த பிடியும் கொண்டு, இளைஞர் கொட்டகையில் செய்ததைத் தொழிற்சாலையே செய்து கொடுத்தாற்போன்றது அது. நாட்டின் வடகோடிக்கும் தென்மேற்குக் கோடிக்கும் இடைப்பட்ட தொலைவை ஐவர் மாறிமாறி அதனை ஓட்டி 24 மணி நேரத்துக்குள் கடந்தனர். ஆயினும் நிறுவனம் தழைக்கவில்லை. 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடிற்று. சில ஆண்டுகளில் பிரிட்டனில் அப்பெயரே ஓய்ந்தது.

ஆனால் மரம் பட்டபோது அதன் பதியம் திருவொற்றியூரில் வேரூன்றியிருந்தது. இந்திய இராணுவத்தின் தேவையையொட்டி, சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரோடு கூட்டுச் சேர்ந்து 1955-இல் 'என்ஃபீல்டு இந்தியா' அமைந்தது. முதலில் பாகங்களைத் தருவித்துப் பொருத்தினர். பின்னர் 350 சி.சி. புல்லட் முழுவதையும் இங்கேயே செய்தனர். 1977-இல் அப்புல்லட் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயிற்று. 2013-இல் 535 சி.சி.யும் 2018-இல் 650 சி.சி.யுமாகக் காண்டினென்டல் ஜி.டி. மறுபிறவி எடுத்தது சென்னையில்தான். ஃபெதர்பெட் தந்த நார்ட்டன் பெயரையும், மதுரையில் பேருந்துத் தொழிலில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் மோட்டார் நிறுவனம் 2020-இல் விலைக்கு வாங்கிற்று. ஏஸ் கபே வாசலில் வண்டி நிறுத்திய அவ்விளைஞரிடம் அன்று யாரேனும் இதனைச் சொல்லியிருப்பின் நம்பியிருக்கமாட்டார்.

இனி நம் காலனி வழக்கு. சென்ற ஆண்டில் இரு புல்லட்டுகள் விவாதத்துக்கு வந்தன. ஒன்று, 1972-இல் பதிவான வண்டி. திருநெல்வேலியிலிருந்து கிர்க்கித் தொழிற்சாலைப் பணிக்கு வந்த பெரியவர் ஒருவர் வாங்கியது. அவர் மறைந்தபின் மாடிப்படியின் அடியில் தார்ப்பாய் போர்த்துக் கிடந்தது. மகன் அதனைக் கபே ரேசராக்க விழைந்தார். தாயார், "ஏண்டா, அப்பா என்னையும் உன்னையும் வச்சு ஓட்டின சீட்டையா அறுக்கப் போறே?" என்று கேட்டார். மற்றொன்று, இராணுவம் கழித்து ஏலத்தில் விட்டதை இளைஞர் நால்வர் கூட்டாக வாங்கியது. தொட்டியில்லை, முன்விளக்கில்லை, இருக்கையில்லை. காயலான் கடைக்கு ஒரு படி முன்னே நின்றது.

எம்மிடம் கருத்துக் கேட்டபோது, முன்னதைத் தொடவேண்டா, பின்னதைத் தாராளமாக மாற்றலாம் என்றோம். முன்னதில் பெயர்ப்பட்டை முதல் மட்கார்டுவரை பிறந்தபடியே இருக்கின்றன. 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து மூல வடிவிலேயே உள்ள வண்டியை 'விண்டேஜ்' எனத் தனிவரிசை எண்ணில் பதியலாம். சட்டகத்தையோ எஞ்சினையோ மாற்றியது அத்தகுதியை இழக்கும். அதற்குமேல், கபே ரேசர் ஒருவர்க்கான வண்டி. அந்த அம்மையார் இனி அதன் பின்னிருக்கையில் ஏறப்போவதில்லை எனினும், ஏற இடமிருக்கவேண்டும் என்று அவர் நினைப்பதைத் தவறென்று எவர் சொல்வது? பின்னதற்கோ திரும்பிச் செல்ல ஒரு மூல வடிவம் எஞ்சவில்லை. எஞ்சின் பிடுங்கப்பட்ட நார்ட்டன் சட்டகத்தின் நிலையே அதன் நிலை.

இதற்கும் எல்லையுண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019-இல் அதனை வலியுறுத்திற்று. எனவே சட்டகத்தை அறுப்பதில்லை, எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் அரம் தொடுவதில்லை, சைலன்சரை எடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்யப்பட்டது. ஏலச் சீட்டையும் வரைபடத்தையும் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி வினவிய பிறகே ஸ்பானர் எடுத்தனர்.

வேலை தொடங்கியபோது உருவத்தைப் பற்றி எவரும் பேசக்கூடாது என்பது எம் நிபந்தனை. ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் துருவேறிச் சிலிண்டரைப் பற்றியிருக்கும். கிக்கரை உதைத்தால் உடையுமேயன்றி நகராது. பிளக் துளைவழி மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்தூற்றிச் சில நாள் ஊறவிட்டுப் பின்சக்கரத்தை மெல்ல அசைத்ததும் அது இளகிற்று. சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடவேண்டியதாயிற்று. சக்கரங்களின் ஸ்போக்குகள், பேரிங்குகள், பிரேக்குக் கட்டைகள் யாவும் புதியன. இவ்வேலைக்கே ஐந்து மாதம் சென்றது. இளைஞர் முகம் வாடினும் பொறுத்தனர்.

புல்லட்டைக் கபே ரேசராக்குவதில் தனித்த இடர்ப்பாடுகளும் உள. அதன் கியர் வலக்காலில், பிரேக்கு இடக்காலில். கால்மிதியைப் பின்னே தள்ளினால் இரண்டுக்கும் புதிதாக இணைப்புக் கம்பி வேண்டும். வலப்புறத்துக் கிக்கர் அம்மிதியில் முட்டாதிருக்கவும் வேண்டும். ஞாயிறுதோறும் புனே ஜூனா பஜாரில் அலைந்து தேடிய பழைய கம்பிகளைக் கொண்டு உள்ளூர் லேத்துப் பட்டறையில் அதனைச் செய்தனர். திமில் இருக்கையை அறுத்தொட்டாமல், சட்டகத்தில் முன்பே உள்ள துளைகளிலேயே நான்கு போல்ட்டுகளால் அமர்த்தினர். நாளை ஒருவர் மூல இருக்கை தேடிக் கொணர்ந்தால் அரைமணியில் மாற்றலாம்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். புல்லட்டின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் அகலமும் பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டரும் உடையது. கனத்த சக்கரத்தைச் சுழற்றி நிதானமாக இழுக்க அமைந்தது. 18 குதிரைத்திறனே தருவது. 'டன்' என்பது அதற்குக் கனவிலும் கூடாது. அதனை இளைஞர் அறிந்தே செய்கின்றனர், தாய்மார் அச்சமொழிக.

இம்மலர் அச்சேறும் வேளையில் எஞ்சின் ஓடுகிறது; வயரிங் மட்டும் எஞ்சியுள்ளது. தொட்டிக்குச் செந்நிறம் என்று இருவரும் கருமை என்று இருவரும் கூறுவதால் வண்ணம் பூசும் பணி இன்னும் தொடங்கவில்லை.