வழி சொல்றது யாரு? - 1974ல் ஒரு சண்டை

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ரொம்ப நாளா பதிவு போடலை.

கம்ப்யூட்டர் படிச்சவங்க காலேஜ்ல பி.சி.என்.எஃப்.னு ஒண்ணை மனப்பாடம் பண்ணிட்டுப் போய் பரீட்சையில அப்படியே கொட்டியிருப்போம். அதுல இருக்கற 'சி' யாரு, 'பி' யாருன்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வேலைக்குச் சேர்ந்த புதுசுல அந்த அவமானம் வந்திருக்காது :-)

ஒரு ரிப்போர்ட் கேட்டாங்க. நான் ஒவ்வொரு வாடிக்கையாளரா எடுத்து, அவரோட ஆர்டரைத் தேடி, அடுத்த ஆளுக்குப் போயின்னு லூப் போட்டு எழுதினேன். முக்கால் மணி நேரம் ஓடுச்சு. சீனியர் அண்ணன் வந்து மொத்தத்தையும் அழிச்சிட்டு ஒரே ஒரு ஜாயின் எழுதினார். சில விநாடிதான். "உன்னை யாருப்பா வழி சொல்லச் சொன்னா? என்ன வேணும்னு மட்டும் சொல்லு"ன்னார்.

இதே சண்டையைப் பெரிய தலைகள் போட்டிருக்காங்கன்னு அப்புறம்தான் படிச்சேன்.

சார்லஸ் பாக்மன் 1960களின் தொடக்கத்துல ஜெனரல் எலக்ட்ரிக்ல ஐ.டி.எஸ். என்ற தரவுத்தளத்தை உருவாக்கினவர். அதுல தகவல்களைச் சங்கிலி மாதிரி கோத்து வச்சிருக்கும். ஒண்ணைப் பிடிச்சு அடுத்ததுக்குப் போகணும். 1973ல் டூரிங் விருது வாங்கினப்போ அவர் பேசின பேச்சோட சாரமே, புரோகிராமர்ங்கிறவன் தரவுக்குள்ள வழி கண்டுபிடிச்சுப் போற மாலுமிங்கறதுதான்.

எதிர்ப்பக்கம் ஐ.பி.எம்.ல இருந்த எட்கர் காட். இரண்டாம் உலகப்போர்ல நிஜமாவே விமானம் ஓட்டினவர்! 1970ல் அவர் எழுதின கட்டுரை, எல்லாத்தையும் அட்டவணையா வை, எது வேணும்னு மட்டும் கேள், வழியை மெஷின் பார்த்துக்கும்னு சொல்லுச்சு. ஆட்டோல ஏறி இடத்தைச் சொல்றதுக்கும், லெஃப்ட்ல திரும்பு, ரைட்ல திரும்புன்னு கூடவே கத்திட்டு வர்றதுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

1974 மே மாசம் அமெரிக்காவுல ஆன் ஆர்பர்ல நடந்த கூட்டத்துல ரெண்டு பேரும் நேருக்கு நேர் வாதம் பண்ணினாங்க. பாக்மன் பக்கத்துக்கும் நியாயம் இருந்தது. அன்னைய மெஷின்கள் ரொம்ப மெதுவு. வழி தெரிஞ்ச மனுஷனை விட மெஷின் நல்ல வழி கண்டுபிடிக்கும்னு எப்படி நம்புறது? பேச்சுல அது தீரலை.

கட்டிக் காட்டினவங்கதான் தீர்த்தாங்க. பெர்க்லியில ஸ்டோன்பிரேக்கரும் யூஜீன் வாங்கும் இங்க்ரெஸ் கட்டினாங்க. ஐ.பி.எம்.ல சிஸ்டம் ஆர். அதுல பாட்ரிசியா செலிஞ்சர் குழு, அட்டவணையில எத்தனை வரிசை, என்ன இண்டெக்ஸ்னு பார்த்து, ஒவ்வொரு வழிக்கும் செலவைக் கணக்குப் போட்டு, மலிவானதைத் தேர்ந்தெடுக்கற முறையை 1979ல் எழுதினாங்க. ஆரக்கிள் கடைக்கு வந்ததும் அதே வருஷம்தான். ஐ.பி.எம்.மோட டிபி2 வந்தது 1983ல்.

சரி, அந்த 'பி'? ரேமண்ட் பாய்ஸ். அவரும் டான் சேம்பர்லினும் ஐ.பி.எம்.ல சேர்ந்து வேலை பார்த்தவங்க. பாக்மன் வழியில அஞ்சு பக்கம் எழுத வேண்டியதை காட் ஒரு வரியில எழுதிக் காட்டினதைப் பார்த்து மனசு மாறினதா சேம்பர்லின் பின்னாடி சொல்லியிருக்கார். ரெண்டு பேரும் சேர்ந்து உருவாக்கின சீக்வெல் மொழியோட கட்டுரை அதே ஆன் ஆர்பர் கூட்டத்துலதான் வந்தது. அதுதான் இன்னைக்கு நாம எழுதற எஸ்.க்யூ.எல்.

அடுத்த மாசமே, 1974 ஜூன்ல, மூளையில ரத்தக்குழாய் வெடிச்சு பாய்ஸ் இறந்துட்டார். முப்பது வயசு கூட ஆகலை. கைக்குழந்தை வேற. யார் ஜெயிச்சாங்கன்னு அவர் பார்க்கவே இல்லை.

எனக்கும் இப்போ கிட்டத்தட்ட அதே வயசுதான். இன்னும் சில சமயம் மெஷின் தப்பான வழியில போய் மாட்டிக்கும். அப்போ பிளானைத் திறந்து பார்த்து நானே மாலுமி ஆக வேண்டியிருக்கு. பாக்மனை முழுசா ஒதுக்க முடியாது. ஆனா தினமும் காலையில முதல் செலக்ட் அடிக்கறப்போ பாய்ஸ் ஞாபகம்தான் வருது.

நீங்க எழுதினதுலயே மோசமான குவெரி எது? பின்னூட்டத்துல சொல்லுங்க, நான் மட்டும் ஏன் அசிங்கப்படணும் :-)