அவசரப் படியும் நிதானப் படியும்

டி.என்.ஏ.வில் உள்ள குறிப்பைத் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்காமல் எந்த செல்லாலும் புரதம் செய்ய முடியாது. நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கும், அந்தக் குடலின் சுவரிலிருக்கும் மனித செல்லுக்கும் இது பொது விதி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் படியெடுக்கும் முறை வேறு. அந்த வேறுபாடு பாடப்புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை. காசநோய் மருந்து ஒன்று வேலை செய்வதே அதனால்தான்.

முதலில் ஒற்றுமை. இரண்டிலும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதிதான் படியெடுக்கிறது. டி.என்.ஏ.வின் இரட்டை இழையைச் சிறிது தூரம் பிரித்து, ஓர் இழையைப் பார்த்து அதற்கு ஈடான எழுத்துகளைக் கோத்துக்கொண்டே போகிறது. குவானைனுக்கு எதிரே சைட்டோசைன். அடினைனுக்கு எதிரே, தைமினுக்குப் பதிலாக யுராசில். நொதி நகர நகர, கடந்து வந்த இடம் மறுபடி மூடிக்கொள்கிறது. பாக்டீரியா நொதியின் கட்டமைப்பு 1999இல் வெளியானது. நம் செல்லைப் போல உட்கரு உள்ள ஈஸ்ட் செல்லின் நொதிக் கட்டமைப்பை 2001இல் ரோஜர் கோர்ன்பெர்க்கின் குழு வெளியிட்டது. இரண்டிலும் டி.என்.ஏ. நுழையும் பிளவும், எழுத்துகள் கோக்கப்படும் மையத்தில் மக்னீசியம் அயனியும் ஒத்த இடங்களில் இருந்தன. மூதாதை ஒன்றுதான்.

தொடங்கும் இடம்

பாக்டீரியாவின் நொதியில் ஐந்து புரதத் துண்டுகள். எங்கே தொடங்குவது என்று அதற்குத் தானாகத் தெரியாது. சிக்மா காரணி என்ற இன்னொரு புரதம் வந்து சேர்ந்தால்தான், மரபணுவுக்கு முன்னால் ஏறக்குறைய 10ஆவது, 35ஆவது எழுத்துகளின் அருகே உள்ள இரண்டு குறிகளை அடையாளம் கண்டு உட்காரும். வழக்கமான நாட்களில் சிக்மா 70 வழிகாட்டுகிறது. சூடு ஏறினால் சிக்மா 32 பொறுப்பேற்று, வெப்பத்தைத் தாங்கும் புரதங்களின் மரபணுக்களுக்கு நொதியை அழைத்துப் போகிறது. வழிகாட்டியை மாற்றினால் போதும், செல்லின் வேலைத்திட்டமே மாறிவிடும்.

மனித செல்லில் புரதங்களுக்கான மரபணுக்களைப் படியெடுப்பது பாலிமரேஸ் 2. அதில் 12 துண்டுகள். அப்படியிருந்தும் தனியாக வந்தால் அதற்கு வேலையில்லை. முதல் தடை, டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களின் மேல் சுற்றிவைக்கப்பட்டிருப்பது. ஒவ்வொரு சுற்றுக்கட்டிலும் சுமார் 147 எழுத்திணைகள். அதைத் தளர்த்த வேண்டும். பிறகு பொதுக் காரணிகள் என்ற புரதக் கூட்டம் வந்து சேர வேண்டும். பல்லாயிரம் எழுத்துகளுக்கு அப்பால் உள்ள ஊக்கப் பகுதியிலிருந்தும் இசைவு வர வேண்டும். பாக்டீரியாவின் மரபணு தடுத்தால்தான் நிற்கும். நம்முடையது திறந்துவிட்டால்தான் ஓடும்.

வேகமும் நீளமும்

பாக்டீரியா வேகமானது, மனித செல் மெதுவானது என்று நினைப்போம். நொதியின் கைவேகத்தைப் பார்த்தால் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் நொடிக்குச் சில பத்து எழுத்துகள் எழுதுகின்றன. வித்தியாசம் எழுத வேண்டிய நீளத்தில் இருக்கிறது. லாக்டோஸைச் செரிக்க ஈ. கோலை பயன்படுத்தும் நொதியின் மரபணு சுமார் 3,000 எழுத்து. ஒரு நிமிடத்தில் படி தயார். மனிதத் தசையின் டிஸ்ட்ரோபின் மரபணுவோ 20 லட்சம் எழுத்துகளைத் தாண்டும். ஒரு படி எடுத்து முடிக்க ஏறக்குறைய 16 மணி நேரம் ஆகிறது. வேண்டாத பகுதிகளை வெட்டி எறிந்த பின், கடைசியில் தூது ஆர்.என்.ஏ.வில் மிஞ்சுவது சுமார் 14,000 எழுத்து, நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

பாக்டீரியாவுக்கு உட்கரு இல்லை. அதனால் படி முடியும்வரை யாரும் காத்திருப்பதில்லை. அடுப்பில் சமையல் நடக்கும்போதே பந்தி பரிமாறுவதுபோல, ஆர்.என்.ஏ.வின் தலை வெளியே வந்ததுமே ரைபோசோம்கள் ஏறிக்கொண்டு புரதம் செய்யத் தொடங்கிவிடும். 1970இல் ஆஸ்கர் மில்லரும் உடன் பணியாற்றியவர்களும் இதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். குறுக்கே ஓடும் மெல்லிய டி.என்.ஏ. இழை, அதிலிருந்து கிளைக்கும் ஆர்.என்.ஏ.க்கள் போகப்போக நீளமாகின்றன. ஒவ்வொன்றிலும் கரும்புள்ளிகளாக ரைபோசோம்கள் வரிசையாக. ஒரு படி சில நிமிடங்களில் சிதைந்தும் போகும். நல்ல தீனி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரியும் உயிருக்கு, பழைய உத்தரவுகளைச் சேர்த்து வைப்பதில் லாபமில்லை.

எழுதிய பின்

மனித செல்லில் படியெடுப்பு உட்கருவுக்குள், புரதம் செய்வது வெளியே. இந்த இடைவெளியில்தான் திருத்த வேலை நடக்கிறது. ஆர்.என்.ஏ.வின் தலையில் ஒரு மூடி. வாலில் சுமார் 200 அடினைன்கள். நடுவே, வேண்டாத பகுதிகளான இன்ட்ரான்களை வெட்டி எறிந்து, வேண்டிய பகுதிகளான எக்ஸான்களை ஒட்டும் வேலை. மரபணு இப்படித் துண்டு துண்டாகக் கிடக்கிறது என்பதை 1977இல் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகியோரின் குழுக்கள் அடினோவைரஸில் கண்டன. ஈ. கோலையின் புரத மரபணுக்களில் இந்த வேலையே கிடையாது.

வெட்டி ஒட்டுவதில் ஆதாயம் உண்டு. ஒரே மரபணுவின் படியை ஒரு விதமாக ஒட்டித் தைராய்டு செல் கால்சிட்டோனின் செய்கிறது. வேறு விதமாக ஒட்டி நரம்பு செல் இன்னொரு புரதத்தைச் செய்கிறது. நட்டமும் உண்டு. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிகப் பரவலான காரணம், பீட்டா குளோபின் மரபணுவின் முதல் இன்ட்ரானில் ஐந்தாவது எழுத்து குவானைனிலிருந்து சைட்டோசைனாக மாறுவது. எறியப்படப் போகும் பகுதியில் வந்த பிழைதான். ஆனால் வெட்ட வேண்டிய இடம் தடுமாறிப்போவதால் ஹீமோகுளோபின் குறைகிறது.

மருந்து நுழையும் வழி

தொடக்கத்தில் சொன்ன காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், பாக்டீரியா நொதியின் பீட்டா துண்டில் போய் உட்கார்ந்து, வெளியேறும் ஆர்.என்.ஏ.வின் வழியை அடைக்கிறது. இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் படி நீளாது. காசநோய்க் கிருமி சாகும். மருந்தளவில் அது மனித பாலிமரேஸைத் தொடுவதில்லை. அமானிட்டா நச்சுக்காளானின் ஆல்ஃபா அமானிட்டின் இதற்கு நேர்மாறு: பாக்டீரியாவை விட்டுவிட்டு நம் பாலிமரேஸ் 2ஐ முடக்கி, கல்லீரலைச் சிதைக்கிறது. மூதாதை ஒன்றாக இருந்தும், பிரிந்து வந்த வழியில் சேர்ந்த சிறு மாற்றங்கள் ஒன்றை மருந்தாகவும் மற்றதை நஞ்சாகவும் ஆக்கியிருக்கின்றன.

ஆகவே, இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்விக்கு இடமில்லை. பாக்டீரியாவின் முறை உடனே மாறிக்கொள்ள ஏற்றது. நம்முடையது, ஒரே டி.என்.ஏ.வை வைத்துக்கொண்டு தசை, நரம்பு, ஈரல் என்று வெவ்வேறு செல்களை நடத்த ஏற்றது.

ஆனால் மருந்துக்கு வழிவிட்ட அந்த இடத்தைக் கிருமி மாற்றிக்கொள்ளவும் முடியும். ரிஃபாம்பிசினுக்குப் பணியாத காசநோய்க் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவற்றில், பீட்டா துண்டின் மரபணுவில் உள்ள 81 எழுத்துப் பகுதி ஒன்றில்தான் பிழை இருக்கிறது. சளியை வைத்துச் செய்யும் சிபிநாட் பரிசோதனை தேடுவது அதைத்தான். மருந்தைப் பாதியில் நிறுத்துவது, அந்தப் பிழை உள்ள கிருமிகள் பெருக இடம் கொடுப்பதாகும். இருமல் நின்றுவிட்டது என்று விட்டுவிடாமல், மருத்துவர் சொன்ன கடைசி நாள்வரை மாத்திரையைச் சாப்பிடுங்கள்.