சுருள்வில்லும் எண்ணெய்க் குழாயும்

வண்டி ஓடுவதற்குச் சக்கரம் போதும். அதில் மனிதன் ஏறி அமர்வதற்கு வில் வேண்டும். தமிழில் 'வில்வண்டி' என்றொரு சொல் வழங்குகிறது. அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே எஃகுப் பட்டைவில் வைத்துக் கட்டிய மாட்டு வண்டியையே மக்கள் அவ்வாறு அழைத்தனர். மூட்டை ஏற்றும் கட்டை வண்டிக்கு அப்பெயர் இல்லை. நெல் மூட்டை குலுங்கினால் ஒன்றும் ஆகாது; மனிதன் குலுங்கினால் இடுப்பு நோகும்.

இன்று பழைய கார் வைத்திருப்போர் சிலர், விடுமுறை நாளில் வீட்டு வாசலிலேயே அதனை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, சுருள்வில்லும் அப்சார்பரும் ஒன்றாய் அமைந்த 'காயில்-ஓவர்' என்னும் உறுப்பைத் தாமே பொருத்திக் கொள்கின்றனர். அதன் குழாயின் வெளிப்புறத்தில் மரை வெட்டப்பட்டிருக்கும். அம்மரையில் ஒரு வளையம் ஏறி இறங்கும். சுருள்வில் அவ்வளையத்தின் மீதே அமர்ந்திருக்கும். வளையத்தைத் திருகினால் காரின் உயரம் கூடும் அல்லது குறையும். சில நிமிடங்களில் திருகிவிடக் கூடிய இவ்வளையத்துக்குப் பின்னால் மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. அவ்வுழைப்பில் எது தீர்ந்தது, எது தீராமல் திருகுகிறவர் கைக்கே விடப்பட்டது என்பதை அறிந்து திருகுவோர் மிகச் சிலரே.

வில்லின் இலக்கணத்தை முதலில் வகுத்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். இழுப்பின் அளவுக்கேற்ப நீளும் என்னும் விதியை அவர் 1676-இல் எழுத்துக்களைக் கலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678-இல்தான் விடையை வெளிப்படுத்தினார். தாம் கண்டதைப் பிறர் கவர்ந்து விடுவரோ என்ற அச்சம் அக்கால அறிஞரிடையே மிகுதி. அதற்கும் முன்னர், 1665-இலேயே, லண்டன் ராயல் சொசைட்டியைச் சேர்ந்தோர் வில் பூட்டிய வண்டிகளை ஓட்டிச் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். ஆயினும் பயனுள்ள வடிவம் வருவதற்கு மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1804-05 அளவில் லண்டன் லாம்பெத் பகுதியில் கோச்சு வண்டி கட்டிய ஒபடையா எலியட் என்பார், எஃகுப் பட்டைகளை அடுக்கி நீள்வட்டமாய் வளைத்த வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டி பிறந்தபோது அதற்கென்று தனி வில் எவரும் தேடவில்லை; குதிரை வண்டியின் வில்லே அதற்கும் வந்தது.

பட்டைவில்லுக்கு ஒரு மறைந்த குணம் உண்டு. வில் வளையும்போது பட்டைகள் ஒன்றோடொன்று உராயும். அவ்வுராய்வு ஆட்டத்தின் வலிமையில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். சுருள்வில் அவ்வாறு அன்று. வாங்கிய வலிமை முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடும். மேட்டில் ஏறிய சக்கரம் இறங்கிய பின்னும் வண்டி துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளலை அடக்கும் வேலைக்கு வேறொரு கருவி வேண்டும். பிரான்சில் ட்ரூஃபோ என்பவர் உராயும் தட்டுகளைக் கொண்டு அதனைச் செய்தார். அமெரிக்கர் ஹார்ட்ஃபோர்டு அதனைத் தம் நாட்டில் விற்றார். பின்னர் மொரிஸ் ஹூடாய் என்ற பிரெஞ்சுக்காரர், அடைத்த அறைக்குள் எண்ணெயைச் சிறு துளை வழியே தள்ளி ஆட்டத்தை அடக்கும் முறையைக் கொணர்ந்தார். ஃபோர்டின் 'மாடல் ஏ' கார் 1927-இன் முடிவில் வந்தபோது அதில் இருந்தவை ஹூடாய் அப்சார்பர்களே. அதன்பின் எண்ணெயின் ஆட்சி நிலைத்தது. வில்லிலிருந்து வந்த வலிமை எண்ணெயில் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடும். நீண்ட பயணத்துக்குப் பின் அப்சார்பரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது இதனால்தான்.

வில்லையும் எண்ணெயையும் ஒரே குழாயில் முதன்முதல் வெற்றியுடன் அடைத்த கார்களுள் ஒன்று இத்தாலியின் லான்சியா லாம்ப்டா. 1922-இல் காட்சிக்கு வந்த அக்காரின் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் கட்டுண்டவை அல்ல. ஒவ்வொன்றும் தன் தூணில் தனித்து ஏறி இறங்கும். தூணுக்குள்ளேயே சுருள்வில்லும் எண்ணெய் அடக்கியும் இருந்தன. அது விலை மிகுந்த கார். உலகம் வியந்தது, ஆனால் பின்பற்றவில்லை.

இவ்விடத்தில் மொரிஸ் ஆலி என்பாரைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் தகும். ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த அவர், 1930-இல் டெட்ராய்ட் சென்று ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக் பிரிவில் சேர்ந்தார். அக்காலக் கார்களில் முன்வில் விறைப்பாகவும் பின்வில் மெதுவாகவும் இருந்தன. முன்வில்லை மெதுவாக்கினால், ஒரே அச்சில் பூட்டிய முன்சக்கரங்கள் குறிப்பிட்ட வேகத்தில் வெறிபிடித்தாற்போல் படபடவென்று உதறும். ஓட்டுபவர் கையிலுள்ள ஸ்டியரிங்கும் உதறும். ஆகையால் விறைப்பு ஒரு பாதுகாப்பாயிற்று. பின்னிருக்கையில் அமர்ந்தவர் முன்னும் பின்னும் ஊஞ்சல்போல் ஆடினார். அது காருக்கு இயல்பு என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர்.

ஆலி 1932-இல் ஏழு பேர் அமரும் பெரிய காடிலாக் ஒன்றை எடுத்து, அதன் முன்னும் பின்னும் எடைக் கட்டிகளை இடம் மாற்றி வைக்கும்படி அமைத்தார். வில்களையும் மாற்றிக்கொண்டே இருக்கலாம். இவ்வாறு நூற்றுக்கணக்கான சேர்க்கைகளைச் சோதிக்க இயன்றது. சுகத்தை அளக்க அவரிடம் கருவி இல்லை; ஏறி அமர்ந்தவரின் உடம்பே அளவுகோல். முடிவு எதிர்பாராதது. முன்வில் பின்வில்லைவிட மெதுவாக இருந்தால் ஊஞ்சலாட்டம் மறைந்தது. காரணம் எளிது. மேட்டை முதலில் சந்திப்பது முன்சக்கரம். பின்சக்கரம் சற்றுத் தாமதித்தே சந்திக்கிறது. பின்புறம் விரைவாக ஆடினால் அத்தாமதத்தை ஈடுசெய்து முன்புறத்தை எட்டிப் பிடிக்கும். கார் ஒரு தட்டுப்போல் சமமாக எழுந்து சமமாக இறங்கும்.

முன்வில்லை மெதுவாக்க வேண்டுமானால் உதறலை ஒழிக்க வேண்டும். உதறலை ஒழிக்க வேண்டுமானால் முன் அச்சையே ஒழிக்க வேண்டும். 1934-ஆம் ஆண்டுக் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் அதனைச் செய்தது. காடிலாக், பியூக் முதலியவற்றில் சக்கரத்துக்கு இரு கைகளும் நடுவே சுருள்வில்லும் அமைந்தன. செவர்லேயும் பான்டியாக்கும் டுபோனே என்ற பிரெஞ்சுக்காரரின் அமைப்பைப் பெற்றன; அதில் வில்லும் அடக்கியும் எண்ணெய் நிறைந்த ஒரே பேழைக்குள் கிடந்தன. பேழையிலிருந்து எண்ணெய் கசிந்தால் கதை முடிந்தது. சில ஆண்டுகளிலேயே அவ்வமைப்பு கைவிடப்பட்டது.

பின்னர் வந்தது போர். போர் முடியும் தறுவாயில், 1945 மே மாதத்தில், செவர்லே நிறுவனம் சிறு கார் ஒன்றைக் கட்டப்போவதாக அறிவித்தது. 'காடெட்' என்ற பெயரில் உருவான அக்காரின் விலை 1,000 டாலருக்குள் இருக்கவேண்டும் என்பது கட்டளை. பொறுப்பேற்றவர் ஏர்ல் மாக்பர்சன், 1891-இல் பிறந்தவர். மலிவான காருக்கு மலிவான அச்சும் பட்டைவில்லும் போதும் என்று எவரும் சொல்லியிருப்பர். மாக்பர்சன் நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்க வேண்டும் என்றார். செலவைக் குறைக்க அவர் கண்ட வழி, உறுப்புகளைக் குறைப்பது. அப்சார்பரையே நீளமும் வலிவுமுள்ள தூணாக்கினார். மேல்முனை காரின் உடலில் பொருந்தும். கீழ்முனையில் சக்கரம் இருக்கும். சுருள்வில் தூணைச் சுற்றி அமரும். முன்சக்கரம் திரும்பும்போது தூணே சுழலும். மேலே இருந்த கை தேவையற்றுப் போயிற்று. கீழே ஒரு கை போதும். இயந்திரத்துக்கு இடமும் கிடைத்தது.

காடெட் தெருவுக்கு வரவே இல்லை. 1947-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அத்திட்டத்தைக் கைவிட்டது. பெரிய காரிலேயே இலாபம் பெரிது என்பது அந்நாளைய கணக்கு. மாக்பர்சன் அவ்வாண்டே ஃபோர்டு நிறுவனத்துக்குச் சென்றார். 1950 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் ஃபோர்டின் கான்சல், செஃபிர் கார்கள் அறிமுகமாயின. அடிச்சட்டம் தனியே இல்லாமல் உடலே சட்டமாக அமைந்த அக்கார்களின் முன்புறத்தில் மாக்பர்சன் தூண்கள் நின்றன. சாய்வைத் தடுக்கும் எஃகுக் கம்பியையே சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் கையாகவும் பயன்படுத்தியதில் அவருடைய சிக்கனம் தெரியும். ஒரு கம்பிக்கு இரண்டு வேலை! மாக்பர்சன் 1958-இல் ஓய்வு பெற்று 1960-இல் மறைந்தார். அவர் காலத்தில் சில கார்களுக்கே உரியதாயிருந்த அத்தூண் 1962-இன் பி.எம்.டபிள்யூ 1500, 1974-இன் வோக்ஸ்வாகன் கோல்ஃப் என்று பரவியது. 1985-இல் மலேசியாவில் வெளிவந்த முதல் புரோட்டான் சாகாவின் முன்சக்கரங்களையும் அதே தூண்தான் தாங்கியது. வெளிவராத ஒரு மலிவுக் காரின் உறுப்பு அவ்வளவு தொலைவு நடந்தது.

அப்படியானால் இத்தொழில் பட்டறையிலிருந்து வீட்டு வாசலுக்கு எப்போது வந்தது? இதற்கும் வரிக்கும் தொடர்புண்டு என்றால் வாசகர் வியக்கலாம். அந்நாளில் பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி இருந்தது. பிரித்த உறுப்புகளாக வாங்கித் தாமே பூட்டிக்கொண்டால் அவ்வரி இல்லாதிருந்தது. காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட 'செவன்' என்னும் இலேசான காரைப் பலர் பெட்டியில் வாங்கி வீட்டுக் கொட்டகையில் பூட்டினர். பூட்டும் முறையை அச்சிட்டுக் கொடுக்கக் கூடாது என்பது வரி விதியாம்; ஆகவே நிறுவனம் கழற்றும் முறையை அச்சிட்டுக் கொடுத்தது, வாங்கியவர் அதனைத் தலைகீழாகப் படித்துக்கொண்டார் என்று சுவையாகச் சொல்வர். அக்காரின் நான்கு சக்கரங்களிலும் சுருள்வில் சூழ்ந்த அப்சார்பர்களே இருந்தன. 1973-இல் வரிமுறை மாறியதும் அச்சலுகை போயிற்று. ஆயினும் அதற்குள் ஒரு தலைமுறை இளைஞர் தம் கையாலேயே அவ்வுறுப்பைப் பூட்டப் பழகிவிட்டனர். மரை வெட்டிய குழாய் பந்தயக்காரரின் கருவி. நான்கு சக்கரங்களின் மேல் விழும் எடையைச் சீர்செய்ய அவர்கள் அதனைக் கையாண்டனர். அவர்களிடமிருந்தே அது தெருக்காருக்கும் வந்தது. பழைய தூணில் தொழிற்சாலை வைத்த கிண்ணத்தை அறுத்தெடுத்து, மரைக் குழாயை மேலே மாட்டி, இரண்டரை அங்குல உள்விட்டமுள்ள குறுகிய பந்தய வில்லை அமர்த்துவது இன்றும் வழக்கத்தில் உள்ளது.

வளையத்தைத் திருகினால் வில் விறைக்கும் என்று பலர் நம்புகின்றனர். அது பிழை. ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ விழுகிறது, வில் ஒரு சென்டிமீட்டருக்கு 30 கிலோ தாங்குகிறது என்று கொள்வோம். வளையம் எங்கே இருந்தாலும் வில் 10 சென்டிமீட்டர்தான் அமுங்கும். கார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 95 முறை ஆடும். வளையத்தை ஏற்றினால் உயரம் கூடுமேயன்றி ஆட்டம் மாறாது. ஆட்டத்தை மாற்ற வில்லையே மாற்ற வேண்டும். 60 கிலோ வில் போட்டால் அமுக்கம் 5 சென்டிமீட்டராகும், ஆட்டம் 134 ஆகும். இங்கேதான் ஆலியின் காடிலாக் நினைவுக்கு வரவேண்டும். முன்புறத்தில் மட்டும் விறைத்த வில்லைப் போட்டவர், அவர் ஒழித்த ஊஞ்சலைத் திரும்பவும் வீட்டுக்கு அழைக்கிறார்.

தாழ்த்துவதிலும் ஒரு வஞ்சம் உண்டு. மாக்பர்சன் தூணுள்ள காரை அளவு மீறித் தாழ்த்தினால் கீழ்க்கை மேல்நோக்கிச் சாயும். வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அப்புள்ளி, காரின் உடல் தாழ்ந்ததைவிட அதிகமாகத் தாழ்ந்துவிடும். தாழ்ந்த கார் சாயாது என்று எண்ணித் தாழ்த்தியவருக்கு, சாய்க்கும் விசை முன்னிலும் கூடிய காரே கிடைக்கும். சக்கரம் மேலேறும் இடமும் குறைவதால் பள்ளத்தில் தூண் அடியில் மோதும். சக்கரங்களின் கோணமும் மாறியிருக்கும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயர் ஒருபக்கமாகத் தேய்ந்து கணக்குச் சொல்லும்.

பழைய காரில் மற்றொன்றும் பார்க்க வேண்டும். தூண் தாங்கும் சுமை முழுவதும் மேலே உடலின் ஒரு சிறு தகட்டுக்கே செல்கிறது. துரு பிடிக்கும் இடமும் அதுவே. அத்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்க்காமல் புது உறுப்பு வாங்குவது வீண்செலவு. வேலை தொடங்கினால் காரை ஜாக்கியின் மீது மட்டும் நிறுத்தாமல் உறுதியான ஸ்டாண்டுகளின் மீது இறக்க வேண்டும். பழைய தூணின் உச்சி நட்டைக் கழற்றுமுன் வில்லைக் கம்ப்ரஸரால் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். அந்நட்டுக்குக் கீழே அமுங்கிக் கிடக்கும் வில்லின் வலிமை ஒரு மனிதனின் எடையைவிடப் பெரிது; கட்டில்லாமல் கழற்றினால் அது முகத்தை நோக்கியே பாயும். பொருத்தி முடித்தபின் கீழ்க்கையின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்காமல், கார் தன் எடையோடு தரையில் நின்ற பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுகிய நிலையிலேயே கிடந்து சில மாதங்களில் கிழிந்துவிடும்.