கிள்ளான் வேலைநிறுத்தமும் நாடு கடத்தும் அதிகாரமும்: ஓர் ஒப்பாய்வு

அயலாரை வெளியேற்றும் அதிகாரமும் அரசைக் குறைகூறுவோரைத் தண்டிக்கும் அதிகாரமும் வரலாற்றில் பெரும்பாலும் இணைந்தே தோன்றுகின்றன. இவ்விணைப்புக்கு அமெரிக்கா 1798ஆம் ஆண்டில் இயற்றிய நான்கு சட்டங்கள் தக்க சான்றாகும். பிரான்சுடன் போர் மூளும் என்ற அச்சம் நிலவிய அக்காலத்தில், குடியுரிமை பெறக் குடியேறிகள் காத்திருக்க வேண்டிய காலம் 5 ஆண்டுகளிலிருந்து 14 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. ஆபத்தானவர் எனத் தாம் கருதும் அயலாரை வெளியேற்றும் உரிமை அதிபர் ஜான் ஆடம்சுக்கு வழங்கப்பட்டது. அரசை இழித்து எழுதுவது குற்றமாக்கப்பட்டது.

இதனை நம் மண்ணில் நிகழ்ந்த ஒரு நிகழ்வோடு ஒப்பிட்டு நோக்குவோம். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களுக்கு முன்னணியில் நின்றவர் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு நிகரான ஊதியம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்குப் பாதுகாப்பு, பேச்சுரிமை ஆகியன அவர்களின் கோரிக்கைகளுள் அடங்கும். துரைமாரையும் கிராணிமாரையும் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. கூலி உயர்வோடு மானமும் வேண்டி நின்ற போராட்டம் இது என்பதை இக்கோரிக்கை தெளிவுறுத்துகிறது.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மேலும் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, இந்தியப் படைவீரர்கள் வரவழைக்கப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாதனோ வழக்குமன்ற விசாரணையின்றி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையிலான வேறுபாடுகள் கருதத்தக்கன. அமெரிக்காவில் அரசைப் பழித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் நடுவர் குழுவின் முன் தாம் கூறியது உண்மை என மெய்ப்பிக்க வாய்ப்பிருந்தது. நான்கு மாதச் சிறைத் தண்டனை பெற்ற மேத்தியூ லயன் என்னும் நாடாளுமன்ற உறுப்பினரை, அவர் சிறையில் இருந்தபோதே வாக்காளர்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். அச்சட்டம் 1801இல் காலாவதியானது. அயலார் நண்பர் சட்டத்தின்கீழ் எவரும் முறைப்படி நாடு கடத்தப்படவில்லை. கிள்ளான் தொழிலாளருக்கோ நடுவர் குழுவும் இல்லை, வாக்குரிமையும் இல்லை. உழைப்புக்காக அழைத்து வரப்பட்டவர்கள், குரல் எழுப்பியதும் அயலாராயினர். குறைகூறியவரே குடியேறியாகவும் இருந்தமையால், கோரிக்கைக்கு விடை கூறுவதைவிடக் கப்பலேற்றுவது ஆட்சிக்கு எளிதாயிற்று.

மலேசியாவில் நாடு கடத்தல் சட்டம் 2011இல் நீக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம் விடுதலைக்குப் பின்னரும் நிலைபெற்றது. அமெரிக்காவிலோ 1798இன் அயல்நாட்டுப் பகைவர் சட்டம் 2025இலும் பயன்படுத்தப்பட்டது. சட்டங்கள் அவற்றைத் தோற்றுவித்த அச்சத்தைவிட நெடுநாள் வாழ்கின்றன என்பதே நாம் இங்குப் பெறும் பாடம்.

கிள்ளான் நிகழ்வைத் தொழிலாளர் கலவரம் என்று மட்டும் மாணவர்க்குக் கற்பிப்பது அன்றைய ஆட்சியாளரின் சொல்லை நாமும் வழிமொழிவதாகும். மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவர்களின் வரலாறாகவும் அது வகுப்பறையில் இடம்பெற வேண்டும்.