வீட்டுக் கோல்ஃப் சிமுலேட்டர்: இடமும் செலவும்

வீட்டுக் கோல்ஃப் சிமுலேட்டர் என்பது, மட்டையால் அடிக்கப்பட்ட உண்மையான பந்தின் வேகம், எழும் கோணம், சுழற்சி ஆகியவற்றைக் கருவியால் அளந்து, திறந்த மைதானத்தில் அப்பந்து எங்கே விழுந்திருக்கும் என்பதைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும் உள்ளரங்க அமைப்பாகும். 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பை அடைய மதுரையிலிருந்தே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் சென்று மலையேற வேண்டியிருப்பதால், மேலூர் போன்ற மதுரை வட்டாரச் சமவெளி ஊர்களில் இவ்விளையாட்டில் நாட்டமுள்ளோர்க்கு இவ்வமைப்பு பயன்படக்கூடும்.

தேர்வில் முதலில் அளக்க வேண்டியது கூரையின் உயரம். டிரைவர் எனப்படும் நீண்ட மட்டை ஏறத்தாழ 45 அங்குலம் இருக்க, நடுத்தர உயரமுள்ளவர் அதை முழுவீச்சாக வீசுவதற்கு 9 முதல் 10 அடி வரை தேவைப்படுகிறது. இவ்வட்டாரக் கான்கிரீட் வீடுகளின் கூரை பெரும்பாலும் 10 அடி உயரத்திலேயே அமைவதால் கணக்குக்கு இடம் போதுமெனத் தோன்றினும், ஓரடிக்கு மேல் கீழிறங்கித் தொங்கும் மின்விசிறி அந்த வசதியைப் பறித்துவிடுகிறது. மே மாதத்தில் விசிறியைக் கழற்றுவது எளிது, கழற்றிய அறையில் நிற்பது எளிதன்று. ஆகவே சுவர் விசிறிக்கோ குளிர்சாதனத்துக்கோ ஆகும் தொகையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டால் உயரம் கிட்டும். ஆயினும் நண்பகல் வெப்பமும் ஐப்பசி மழைச்சாரலும் மின்னணுக் கருவிகளுக்கு ஆகா, நேர்வெயில் பட்டால் கேமராவால் அளக்கும் கருவி தடுமாறவும் கூடும்.

அளக்கும் கருவிகள் இருவகைப்படும். ரேடார் வகை, பந்துக்கு 6 முதல் 8 அடி பின்னால் நின்று அதன் பறப்பைத் தொடர்வதாதலால், பந்துக்கு முன்னும் ஏறத்தாழ அதே தொலைவு வேண்டும். குறுகிய அறையில் சுழற்சியை ஓரளவு ஊகித்தே சொல்லும். 2021இல் ஏறத்தாழ 600 டாலர் விலையில் அமெரிக்காவில் வெளிவந்த கார்மின் அப்ரோச் ஆர்10 இவ்வகையது. கேமரா வகை, பந்தின் பக்கத்தில் இருந்து, அடிபட்ட கணத்தையே படமெடுத்துக் கணிப்பதால் சிறிய அறைக்கு ஏற்றது. ஸ்கைட்ராக் இதற்கு எடுத்துக்காட்டு. எனினும் வீட்டில் ஒருவர் வலக்கையாலும் மற்றவர் இடக்கையாலும் ஆடினால் கருவியை ஒவ்வொரு முறையும் இடம்மாற்ற நேரும். டிராக்மேன் போன்ற தொழில்முறைக் கருவிகள் இவற்றைவிடப் பன்மடங்கு விலையுள்ளவையாதலால் வீட்டுக்கு மிகை.

கருவியின் விலையோடு செலவு முடிவதில்லை. அதன்மேல் சுங்க வரியும் ஆண்டுதோறும் கட்டும் மென்பொருள் சந்தாவும் சேர்கின்றன. திரையில் படத்தை வீழ்த்தும் புரொஜெக்டரை விடுத்து, வலைக்குள் அடித்து, கைபேசியிலேயே முடிவைப் பார்ப்பது மிகச் சிக்கனமான வழி. ஏறத்தாழ 46 கிராம் எடையுள்ள பந்து டிரைவரால் அடிபடும்போது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டக்கூடுமாதலால், சிக்கனத்தை வலையிலும் திரையிலும் காட்டலாகாது. திரைக்கும் சுவருக்கும் இடையே ஓரடியாவது இடைவெளி விடாவிடில் பந்து ஆடுபவரையே திருப்பித் தாக்கும். கூரை 9 அடிக்குக் குறைந்த வீட்டில் டிரைவரை விட்டுவிட்டு, குட்டையான இரும்பு மட்டைகளோடும் ஒரு நல்ல வலையோடும் நிறுத்திக்கொள்வதே தக்கது.