பொதிக்குள் ஒரு வள்ளம்: மடிப்புக் கயாக்கோடு ஊருக்குப் போனது

டோர்ட்முண்டில் எங்கள் வீட்டுக் குளியலறைத் தராசில் அந்தப் பைகளை ஏழெட்டுத் தடவை நிறுத்துப் பார்த்தேன். முதலில் நான் மட்டும் ஏறுவேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன். இரண்டையும் கழித்தால் பையின் நிறை வரும். வெளித்தோல் இருந்த பை 14 கிலோ. சட்டக் குழாய்கள் இருந்த பை 13 கிலோ. துடுப்புகள், காற்றடிக்கும் பம்ப், இரண்டு மிதவை அங்கிகள், இருக்கைகள் எல்லாம் சேர்ந்து இன்னும் 7. ஆக மொத்தம் 34 கிலோவில் இரண்டு பேர் இருந்து வலிக்கக்கூடிய ஒரு முழு வள்ளம்.

விமானத்தில் எனக்கு அனுமதி 23 கிலோப்படி இரண்டு பொதிகள். மிச்சம் இருந்த 12 கிலோவுக்குள்தான் என் உடுப்பும் சொந்தக்காரருக்குக் கொண்டுபோகும் சாமான்களும்.

“சொக்கிலேற் கேக்கிற பிள்ளையளுக்குக் குழாயையோ குடுக்கப்போறீங்கள்?” என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான்.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம், திரும்பி வந்த பிறகு தெரிந்தவர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டதுதான்: அதை எப்படிக் கொண்டுபோனாய்? புலம்பெயர்ந்த நாடுகளில் எங்கள் பிள்ளைகள் ஆற்றிலும் ஏரியிலும் கயாக் வலிக்கப் பழகிவிட்டார்கள். ஊருக்குப் போகும்போது அதையும் எடுத்துப்போக ஆசைப்படுகிறார்கள். எனவே எனக்குப் பட்டறிவாகக் கிடைத்ததை எழுதி வைக்கிறேன். ஆனால் நான் கொண்டுபோனது பிள்ளைகளுக்காக அல்ல, என் மாமாவுக்காக.

மாமா தீவுப்பகுதியில் தொழில் செய்தவர். 1990இல் ஊரே வெளிக்கிட்டபோது அவருடைய வள்ளமும் வலைகளும் கரையில் நின்றுபோயின. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்குப் போனார். அங்கே மிதிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர் இப்போது மற்றவர்களுக்கு வலை பொத்திக் கொடுக்கிறார். ஜெய்ப்பூர் காலோடு சைக்கிள்கூட ஓடுகிறார். வள்ளத்தில் மட்டும் ஏறுவதில்லை. பரவைக்கடலில் வள்ளம் விடுவதென்றால் எழுந்து நின்று மரக்கோல் தாங்க வேண்டும். ஆடும் வள்ளத்தில் அந்தக் கால் நிற்காது. “ஏறினால் மற்றவனுக்குப் பாரம்” என்பார்.

கயாக்கில் யாரும் நிற்பதில்லை. அடித்தட்டில் கால் நீட்டி இருந்துதான் வலிக்க வேண்டும். ரூர் ஆற்றில் ஒரு நாள் வலித்துக்கொண்டிருந்தபோது இது எனக்கு உறைத்தது.

கயாக் என்பது வடதுருவ மக்களின் வள்ளம். மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, மேலே கடல்நாய்த் தோலைப் போர்த்துத் தைத்தார்கள். சட்டம் வேறு, தோல் வேறு என்பதால் அதைக் கழற்றிப் பூட்டலாம் என்ற யோசனை பின்னர் ஒருவருக்கு வந்தது. 1905இல் அல்பிரட் ஹொய்ரிக் என்ற ஜேர்மனியக் கட்டடக்கலை மாணவர் மூங்கில் சட்டத்துக்குப் பாய்த்துணி போர்த்தி ஒன்றைச் செய்து, மியூனிக் பக்கம் ஈசார் ஆற்றில் ஓட்டினார். 1907இல் ரோசன்ஹைம் நகரத் தையற்காரரான யோகான் கிளெப்பர் அந்த உரிமையைப் பெற்றுத் தயாரிக்கத் தொடங்கினார். கார் வைத்திருப்பவர் குறைவாக இருந்த காலம் அது. ரயிலில் பையோடு ஏறி, ஆற்றங்கரை நிலையத்தில் இறங்கிப் பூட்டி, ஆற்றோடு போய், இன்னொரு நிலையத்தில் கழற்றிக்கொண்டு வீடு திரும்பலாம். இந்த வசதிதான் அதைப் பரப்பியது.

இன்றைக்கு மூன்று வகை கிடைக்கிறது. மரச்சட்டம் போட்ட பழைய பாணி உறுதியானது, ஆனால் பாரமானது; இருவர் வள்ளம் 30 கிலோவைத் தாண்டும், அதன் நீளத் தடிகள் விமானப் பொதிக்கு இடைஞ்சல். அலுமினியக் குழாய்ச் சட்டம் குட்டையான துண்டுகளாகக் கழரும். மூன்றாவது, பிளாஸ்ரிக் தகட்டைக் கடதாசிக் கப்பல்போல மடிப்பது. அது இலேசு, பூட்டுவதும் சுகம், ஆனால் மடித்த பிறகும் பெட்டி பெரிது. என்னிடம் இருப்பது இரண்டாவது வகை. வயோதிப ஜேர்மன் தம்பதியிடம் பழசாக வாங்கினேன்.

இனி விமானம். சில நிறுவனங்கள் மொத்த நிறையைப் பார்க்கும். சில பொதிகளை எண்ணும். பொதி 23 கிலோவைத் தாண்டினால் மேலதிகக் காசு. 32 கிலோவைத் தாண்டிய ஒற்றைப் பொதியை அநேகமாக ஏற்கவே மாட்டார்கள். தூக்கும் தொழிலாளரின் முதுகைக் காக்கும் விதி அது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்றும் பலர் கேட்பார்கள். நிறையில் தப்பியவர்கள் இந்த நீளக் கணக்கில்தான் மாட்டுவார்கள். வாங்கும்போதே மிக நீண்ட குழாயை அளந்து பாருங்கள்.

தோலையும் குழாயையும் ஒரே பையில் போடாதீர்கள். பொதி எறிபடும்போது குழாய் முனை தோலைக் குத்தும். மிதவை அங்கிகளைக் குழாய்களின் இரு முனைகளிலும் சுற்றிக் கட்டினேன். தனியாக இடமும் பிடிக்கவில்லை. காற்று உருளை பூட்டிய அங்கி என்றால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டிவரும், ஆதலால் நுரை அடைத்த சாதாரண அங்கியே நல்லது. ஒட்டும் பசையும் கரைப்பானும் தீப்பற்றும் பொருள்கள். விமானத்தில் கொண்டுபோக முடியாது. ஊரில் சைக்கிள் கடைச் சொலூசன் இருக்கிறதே என்று நான் நினைத்தேன். பிவிசி தோலில் அது பிடிக்காது. ஒட்டுநாடா ஒரு சுருள் கொண்டுபோவது புத்தி.

சிறிய பூட்டாணிகளையும் கொளுக்கிகளையும் கைப்பையில் வைத்தேன். அவை தொலைந்தால் மிச்சம் 33 கிலோவும் வெறும் சாமான். மகள் விலாச் சட்டங்களுக்கு நகப்பூச்சால் இலக்கம் எழுதித் தந்தாள். அந்த உதவியின் அருமை பிறகுதான் தெரிந்தது.

ஸ்கான் இயந்திரத்தில் பார்த்தால் அது ஒரு கட்டு உலோகக் குழாய். எங்கள் ஊருக்குப் போகும் ஒரு தமிழனின் பையில் குழாய்க்கட்டு இருந்தால் என்ன கேள்வி வரும் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரண்டு இரவு அதை நினைத்து எனக்கு நித்திரை வரவில்லை. பூட்டிய வள்ளத்தில் மகள் இருக்கும் படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு, வாங்கிய பற்றுச்சீட்டோடு பையின் மேலேயே வைத்தேன். கட்டுநாயக்கவில் பையைத் திறந்த அதிகாரி படத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், “இதற்கு எஞ்சின் எங்கே?” என்று கேட்டார். இல்லை என்றேன். சிரித்துவிட்டு மூடச் சொன்னார்.

கொழும்பிலிருந்து இரவு பஸ். பக்கவாட்டுப் பொதியறையில் குழாய்ப் பை குறுக்கே கிடந்தது. நடத்துநர் ஒரு ஆளுக்கான காசு கேட்டார், கொடுத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஓட்டோ. பண்ணைப் பாலத்தில் வாடைக்காற்று அடித்தபடி இருந்தது. இரண்டு பைகளுக்கும் நடுவில் நான் குந்தியிருந்தேன்.

முற்றத்துப் பூவரசின் கீழ் பாயை விரித்துக் கொட்டினேன். மணலில் நேரே பூட்டக்கூடாது. குழாய்க்கும் தோலுக்கும் இடையில் போகும் மணல் ஒவ்வொரு அசைவிலும் தோலை உராயும். முன்பாதிச் சட்டத்தையும் பின்பாதிச் சட்டத்தையும் தனித்தனியே பூட்டி, இரு பக்கத்தாலும் தோலுக்குள் நுழைத்து, நடுவில் இழுத்து இணைக்க வேண்டும். பிறகு இரு ஓரங்களிலும் உள்ள காற்றுக்குழாய்களை ஊதினால் தோல் மத்தளம்போல இறுகும். வள்ளம் கவிழாமலும் தண்ணீர் புகுந்தால் தாழாமலும் காப்பது அந்தக் காற்றுக்குழாய்தான். பழகியவருக்கு அரை மணித்தியாலம் போதும். பத்துப் பேர் சுற்றிநின்று யோசனை சொன்னதில் எனக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது.

மாமா கதிரையில் இருந்து ஒன்றும் பேசாமல் பார்த்தார். “கழற்றிப் பூட்டுற வள்ளம் எண்டு நீங்கள் கண்டதில்லைத்தானே?” என்று கேட்டேன்.

“கட்டுமரம் பின்னை என்ன தம்பி? கரைக்கு வந்தால் கட்டை அவிழ்த்து மரத்தைத் தனித்தனியாய்க் காயவிடுறது. வெள்ளைக்காரன் அதுக்குச் சட்டை போட்டிருக்கிறான்.”

அதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன்.

ஒரு விடயம் மட்டும் அவருக்குப் புதிதாக இருந்தது. இந்த வகை வள்ளம் எங்கள் கடலுக்கு முதல் தடவையாக வரவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில், 1944இல், பிரித்தானியப் படையின் சிறு நடவடிக்கைக் குழு ஊர்காவற்றுறைக்கு அருகே ஹம்மன்ஹீல் முகாமில் தளம் அமைத்தது. கன்வஸ் போர்த்திய வள்ளங்களில் இரவில் போய் எதிரியின் கரைகளை அளந்து வருவது அவர்களின் வேலை. இங்கிருந்து போனவர்கள் பர்மாவின் அரக்கான் கரையில் வேலை செய்தார்கள். மாமா கடற்கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அப்பவும் இதுக்குத்தானோ,” என்றார்.

யுத்தத்துக்குப் போகாமல், யுத்தத்திடம் மாட்டியவரும் ஒருவர் இருக்கிறார். ஒஸ்கார் ஸ்பெக் என்ற ஜேர்மனியர். வேலை இல்லாமல் 1932இல் உல்ம் நகரிலிருந்து மடிப்புக் கயாக்கில் டான்யூப் ஆற்றோடு வெளிக்கிட்டார். சைப்பிரசில் சுரங்க வேலை தேடுவது நோக்கம். அங்கே நிற்காமல் தொடர்ந்தார். சிரியாவில் மத்தியதரைக் கரையிலிருந்து யூப்ரட்டீஸ் ஆறு வரை வள்ளத்தை மடித்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனார். பாரசீகக் குடா, இந்தியக் கரை, 1935இல் இலங்கை, பிறகு பர்மா, மலாயா, இந்தோனேசியத் தீவுகள். 1939 செப்டெம்பரில் ஒஸ்திரேலியாவின் சாய்பாய் தீவில் கரையேறியபோது யுத்தம் தொடங்கிவிட்டது. எதிரி நாட்டவர் என்று பிடித்து முகாமில் வைத்தார்கள். யுத்தம் முடியும்வரை உள்ளேதான். விடுதலையான பிறகு அவர் நாடு திரும்பாமல் அங்கேயே வாழ்ந்தார். ஏழு வருடம் வலித்து வந்தவரை நாளும் தேதியும் பிடித்துக்கொடுத்தன.

தண்ணீரில் இறக்க முன்னர் கடற்றொழிலாளர் சங்கத்தில் சொன்னோம். இது கட்டாயம். பரவைக்கடலில் களங்கண்டித் தடிகளும் சிறகு வலைகளும் எங்கே நிற்கின்றன என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வலையைக் கிழித்துவிட்டு ஜேர்மனிக்கு விமானம் ஏறுவது அழகல்ல. தோலுக்கு அலையைவிடப் பெரிய எதிரிகள் மட்டிச் சிப்பியும் கண்ணா மரத்து அடிக்கட்டையும் முருகைக்கல்லும். முழங்கால் அளவு தண்ணீரில் வள்ளம் மிதந்த பிறகே ஏற வேண்டும்; கரையில் வைத்து ஏறித் தள்ளக்கூடாது. சோளகம் அடிக்கும் மாதங்களில் காலையில் போய், காற்று ஏறமுன் திரும்பிவிட வேண்டும். ஆழ்கடலுக்கு இதைக் கொண்டுபோவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மாமா ஜெய்ப்பூர் காலைக் கழற்றிக் கரையில் வைத்தார். கவிழ்ந்தால் அது சட்டத்துக்குள் சிக்கக்கூடும், உப்பும் அதற்குக் கூடாது. இரண்டு மருமக்கள் தோள் கொடுத்து நடக்கவைத்தார்கள். வள்ளத்தின் ஓரத்தில் முதலில் இருந்து, உடம்பைத் திருப்பி, நல்ல காலை உள்ளே எடுத்துவைத்தார். முன் இருக்கையில் கால்மிதி இல்லை என்பது வசதியானது. குறைந்த கால் ஆடாமல் இருக்க ஒரு சாரத்தைச் சுருட்டி அடியில் வைத்தோம். முதுகுச் சாய்வை இறுக்கினேன். அவ்வளவுதான். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

இருபுறமும் அலகு உள்ள துடுப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. மடியெல்லாம் தண்ணீர் வடிகிறது என்று ஏசினார். பத்து நிமிடத்தில் அதை நடுவால் கழற்றி, ஒரு பாதியைக் காலடியில் போட்டுவிட்டு, மறு பாதியைச் சவள்போலப் பிடித்து வலித்தார். வள்ளம் நேராகப் போனது. பின்னால் இருந்த என்னைக் கையைத் தூக்கச் சொன்னார். நான் வலித்தால் கோணுகிறதாம்.

1990இல் வள்ளம் கட்டியிருந்த இடத்துக்குப் போகச் சொன்னார். அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு பனைக்குற்றிகள் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் தெரிந்தன. ஒன்றைக் கையால் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றோம். அதில் கட்டியிருந்த கயிறு புதுக்கயிறு என்று சொன்னார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு காற்று எழும்புது, திருப்பு என்றார்.

கரைக்கு வந்ததும் கழற்றிக் கழுவ வேண்டும். உப்புக் காய்ந்தால் அலுமினியக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிவிடும். அன்று களைப்பில் அதை அடுத்த நாளுக்கு விட்டேன். ஒரு மூட்டைக் கழற்ற இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது. தீவுப்பகுதியில் நல்ல தண்ணீரை வள்ளம் கழுவச் செலவழிக்க மனம் வரவில்லை. உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, கடைசியாக இரண்டு வாளி நல்ல தண்ணீரால் அலசினேன். தோலை நிழலில் இரண்டு நாள் காயவிட்டேன். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். இரவில் எலி கடிக்காமல் கொடியில் உயரத் தொங்கவிட வேண்டும்.

அந்த விடுமுறையில் மாமா ஐந்து தடவை போனார். கடைசி இரண்டு தடவையும் என்னைக் கூப்பிடவில்லை, பக்கத்து வீட்டுப் பெடியனைத்தான் பின்னால் ஏற்றினார்.

திரும்பும்போது தராசில் பார்த்தேன். சொக்கிலேற்றின் இடத்தில் ஒடியலும் பினாட்டும் வந்திருந்தன. துடுப்புப் பையில் ஒரு பாதி குறைந்தது. எங்கே என்று கேட்டேன். அது வீட்டு வளையில் செருகியிருக்கிறது, அடுத்த முறை வரும்போது மிச்சத்தைக் கொண்டுவா என்றார்.